பூட்டன் கழுத்தில் கிடந்த தகர வில்லை



வன்னிப் பக்கம் போகும்போதெல்லாம் எங்களை மறித்து, "எந்தத் தோட்டம் நீங்க?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பேச்சைக் கேட்டதுமே நம்ம ஆள் என்று தெரிந்துவிடும். கிளிநொச்சி மாவட்டத்தில் அப்படிப் பழகிய ஒரு வீட்டில், ஒரு வயதான அம்மா சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு சின்ன வட்டத் தகடு. மேலே கயிறு கோக்க ஒரு ஓட்டை. தகட்டில் ஒரு எழுத்தும் சில எண்களும்.

"எங்க பூட்டனோட சாமான். 2009இல வீடு வாசல் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுனோம். இது மட்டும் மடியில கெடந்துச்சு" என்றார்.

பக்கத்தில் நின்ற மகன், "பழைய காசு, பேட்ஜ், வில்லை வாங்குற ஒருத்தர் வந்து கேட்டார். நல்ல வெல தர்றாராம். குடுத்துடலாமா?" என்று எங்களைக் கேட்டார்.

அன்று அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று நினைத்தோம். இப்படி ஒரு சாமான் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் கிடக்கலாம்.

அது என்ன சாமான்?

அதற்குப் பெயர் 'டின் டிக்கட்'. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களுக்காக 1901ஆம் ஆண்டில் இந்த முறை ஆரம்பமானது. தோட்டத்துத் துரை இந்த வில்லைகளைப் பெற்று, ஆள் கட்டப் போகும் கங்காணியிடம் கொடுத்து அனுப்புவார். கங்காணி ஊரில் சேர்த்த ஆட்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். ஆட்கள் அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொள்வார்கள்.

வில்லையில் இருந்த எழுத்தும் எண்களும் மூன்று விஷயத்தைச் சொல்லின: எந்தத் தோட்டப் பகுதி, அந்தப் பகுதியில் எந்தத் தோட்டம், அந்தத் தோட்டத்துக்கு வரும் எத்தனையாவது ஆள். பேர் கிடையாது, ஊர் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனுசனைப் பார்சல் மாதிரி முகவரி ஒட்டி அனுப்பிய கதைதான் இது.

அதில் இன்னொரு சங்கதியும் உண்டு. கப்பல், ரயில், சாப்பாடு எல்லாச் செலவுக்கும் கணக்குப் பார்த்துத் தோட்டத்துக்குப் பில் போக வேண்டும். யாருக்குப் பில் அனுப்புவது என்று காட்டியதும் அந்த வில்லைதான். தோட்டம் அந்தப் பணத்தைத் தன் கையில் இருந்து விடவில்லை. கங்காணி கணக்கிலும் ஆட்கள் கணக்கிலும் கடனாக ஏற்றியது. ஆகவே நம்ம பூட்டன் மலையேறி முதல் கொழுந்தைக் கிள்ளும் முன்பே அவர் பேரில் கடன் விழுந்துவிட்டது. கழுத்தில் கிடந்தது முகவரி மட்டுமல்ல, கடன் சீட்டும்தான்.

'துண்டு' என்று பெரியவர்கள் சொல்வது வேறு. அது கடதாசி. இந்தக் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவோம் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பது. 1921இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வன்னி வழியாக நடந்து வந்தவரா?

அந்த வீட்டு மகன் ஒரு யூகம் சொன்னார். "மன்னார்ல எறங்கி இந்தக் காட்டு வழியா நடந்துதானே போனாங்க? அப்ப இங்க விழுந்த சாமானா இருக்கும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுக் கணக்கு ஒத்து வரவில்லை.

கோப்பிக் காலத்தில் நம்ம ஆட்கள் தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை 150 மைல் அளவு நடந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அந்த வடக்குப் பாதையை 1899இல் மூடிவிட்டார்கள். டின் டிக்கட் வந்ததோ 1901இல். ஆகவே டின் டிக்கட் கட்டியவர் அந்த நடைபாதையால் வந்தவர் அல்ல. தூத்துக்குடியில் கப்பல் ஏறிக் கொழும்பில் இறங்கி, ராகம முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, அங்கிருந்து ரயிலில் மலைக்குப் போன காலத்து ஆள் அவர்.

1914இல் இன்னொரு மாற்றம் வந்தது. பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓட ஆரம்பித்தது. தலைமன்னாரிலிருந்து மடு ரோட், செட்டிகுளம் வழியாக மதவாச்சிக்கு ரயில். அதன் பிறகு மண்டபம் முகாம் வழியாக வந்தவர்கள் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தைக் கடந்துதான் போனார்கள். ஆனால் நடந்து அல்ல, ரயில் பெட்டிக்குள் இருந்து.

அப்படியானால் வில்லை கிளிநொச்சிக்கு எப்படி வந்தது? மலையிலிருந்து திரும்பி வந்தது. 1973, 1974இல் தோட்டங்களில் மாவும் அரிசியும் இல்லாமல் பட்டினி கிடந்தபோது வன்னிக்குப் பிழைக்கப் போனவர்கள் உண்டு. 1958, 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு லயத்தை விட்டு ஓடியவர்கள் உண்டு. கிளிநொச்சியில் தர்மபுரம், பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற இடங்களிலும், வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களிலும் காட்டை வெட்டிக் குடியேறியவர்களில் நம்ம சனம் நிறைய. பூட்டன் கழுத்தில் வந்த வில்லை பேரன் பேத்தி மடியில் வடக்கே போயிருக்கிறது.

எந்தத் தோட்டம் என்று தேடுவது எப்படி?

எண்ணை மட்டும் பார்த்துத் தோட்டத்தின் பேரைச் சொல்லிவிட முடியாது. எண்ணையும் வீட்டுக் கதையையும் கடதாசிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கான வழி:

1. வில்லையைத் தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, சாம்பல் எதுவும் வேண்டாம். பளபளப்பு வரும், எழுத்துப் போய்விடும். மெல்லிய துணியால் தூசி மட்டும் துடையுங்கள்.

2. வெள்ளைக் கடதாசியை மேலே வைத்துப் பென்சிலைச் சரித்து மெதுவாகத் தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாத எண்ணும் கடதாசியில் எழும்பும். இரண்டு பக்கமும் எடுத்துப் படமும் பிடித்து வையுங்கள்.

3. அது டின் டிக்கட்தானா என்று பாருங்கள். கம்பெனிப் பேர், ஆண்டு, காசு மதிப்பு இருந்தால் அது கோப்பிக் காலத்துக் கூலி டோக்கனாக இருக்கலாம். கொழும்பில் கோப்பி பதப்படுத்திய கம்பெனிகள் பித்தளையிலும் செம்பிலும் அப்படி அடித்தன. ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் வேகந்த மில்ஸ் டோக்கனில் 1843 என்று ஆண்டே இருக்கிறது. பின்னால் ஊசி இருந்தால் அது பிற்காலத்து பேட்ஜ். எழுத்து, எண், கயிறு கோக்கும் ஓட்டை இவை மட்டும் இருந்தால் டின் டிக்கட் என்று தேடத் தொடங்கலாம்.

4. வீட்டில் மூத்தவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த முகாமைப் பற்றிச் சொன்னார்கள்? ராகமயா, மண்டபமா? மலையில் எந்த ஸ்டேசனில் இறங்கினார்கள்? பெரிய கங்காணி பேர் என்ன? முகாம் காலத்தைக் காட்டும், மண்டபம் என்றால் 1914க்குப் பிந்திய பயணம். ஸ்டேசன் பகுதியைக் காட்டும். கங்காணி பேர் தோட்டத்தைக் காட்டும்.

5. தோட்டத்துப் பேரைக் கவனமாகக் கேளுங்கள். துரைமார் கடதாசியில் ஒரு பேர் எழுதினால் நம்ம ஆட்கள் வாயில் வேறு பேர் வழங்கும். பழைய பேர்குசன் டிரெக்டரியில் அந்தந்த ஆண்டுத் தோட்டங்களின் பட்டியல் பகுதி வாரியாக இருக்கும். கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்தில் இதுபோன்ற பழைய ஆவணங்களைக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு தோட்டம் இன்னொன்றோடு சேர்ந்து டிவிஷனாகியும் இருக்கும். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்திலும், 1992இல் கம்பெனிகள் கைக்குப் போனபோதும் நிர்வாகம் மாறியது. பேர் இல்லை என்றதும் விட்டுவிடாதீர்கள்.

6. தாத்தா, பாட்டியின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருந்தால் பாருங்கள். தோட்டத்தில் பிறந்தவர் என்றால் தோட்டத்தின் பேர் அதில் இருக்கும். இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் பதிவைத் தேட விண்ணப்பிக்கலாம்.

இங்கே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வன்னியில் இருக்கிறவர்களுக்கு மலை தூரம். நீங்களோ தோட்டத்திலேயே இருக்கிறீர்கள். வடக்கே இருந்து ஒரு உறவு பூட்டன் பேரைச் சொல்லிக் கேட்டால், "யாருக்குத் தெரியும்" என்று தட்டிவிடாதீர்கள். ஆபீஸில் பழைய செக்ரோல் இருக்கிறதா என்று கிளாக்கரையாவிடம் கேளுங்கள். மாரியம்மன் கோயில் வரிக் கொப்பியைப் புரட்டுங்கள். வயதான ஒரு அப்பாயியிடம் போய் உட்காருங்கள்.

விற்கலாமா?

உங்கள் சாமான், உங்கள் இஷ்டம். கஷ்ட காலத்தில் விற்றவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வராது. ஆனால் ஒன்று. சேகரிக்கிறவர் கையில் அது ஒரு அபூர்வ வில்லை. அது யாருடையது, எந்த வீட்டில் இருந்தது, எப்படிக் கைமாறியது என்ற கதை உங்களிடம் மட்டும் இருக்கிறது. வில்லை போய்க் கதையும் எழுதப்படாமல் போனால் இரண்டுமே அநாதை. ஆகவே முதலில் படியெடுத்து, கதையை எழுதி, வீட்டில் மூத்தவர் பேரையும் தேதியையும் போட்டு வையுங்கள். மற்றது பிறகு.

சிலர் கேட்கிறார்கள், இதைக் காட்டி ஐ.சீ. எடுக்கலாமா என்று. முடியாது. டின் டிக்கட் பிரஜாவுரிமைப் பத்திரம் அல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட நம்ம ஆட்களுக்கு 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளை குட்டிகளுக்கும் உரிமை உண்டு என்று அது சொல்கிறது. ஆனாலும் வில்லை வழியாகத் தோட்டம் தெரிந்தால், எந்தத் தோட்டத்துப் பிறப்புப் பதிவைத் தேடுவது என்று தெரியும். யுத்தத்தில் கடதாசியெல்லாம் போன குடும்பத்துக்கு அது சின்ன உதவி அல்ல.

கிளிநொச்சி அம்மா அன்று வில்லையைக் கொடுக்கவில்லை. நாங்கள் பென்சிலால் எடுத்த படியை மகன் கையில் கொடுத்தோம். அம்மா வில்லையை மறுபடி துணியில் முடிந்துகொண்டே, "எங்க மாமியா அட்டன்ல எறங்குனதா சொல்லுவாங்க" என்றார். அதுவரை அதை அவர் மகனுக்குச் சொன்னதே இல்லையாம். மகன் அந்தப் படியின் கீழேயே 'அட்டன்' என்று எழுதிக்கொண்டார்.

உங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒருதரம் திறந்து பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.