எலும்பு தேயும் பொருளா?

“வயசாகிடுச்சு, எலும்பு தேஞ்சுபோச்சு. இனிமே ஓய்வுதான்.” நம் வீடுகளில் இப்படிச் சொல்லக் கேட்காதவர் இருக்க முடியாது. பல்கலைக்கழகத்தில் இயன்முறை மருத்துவம் படிக்கத் தொடங்கிய பிறகு, என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தத் ‘தேய்மானம்’ என்ற சொல்தான்.

அந்த ஒரே சொல்லால் நாம் இரண்டு வெவ்வேறு நோய்களைக் குறிப்பிடுகிறோம். மூட்டில் உள்ள குருத்தெலும்பு பாதிக்கப்பட்டு வலியும் விறைப்பும் தருவது ஒன்று. எலும்பின் அடர்த்தியே குறைந்து, உட்புறம் சல்லடைபோல் ஆகிவிடும் எலும்புப்புரை நோய் மற்றொன்று. ஆஸ்டியோபோரோசிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். மூட்டு நோய் வலியால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எலும்புப்புரையோ, எலும்பு முறியும்வரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது.

அந்தச் சொல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. செருப்பு நடக்க நடக்கத் தேயும்; குறைவாக அணிந்தால் நீண்ட நாள் உழைக்கும். எலும்பையும் அப்படியே நினைத்துத்தான் பாட்டியின் கையிலிருந்து சந்தைப் பையை வாங்கிக்கொண்டு, “நீங்க உட்காருங்க” என்கிறோம். ஆனால் எலும்பின் இயல்பு இதற்கு நேர்மாறானது.

சுமையை உணரும் உயிரணுக்கள்

எலும்பு உயிருள்ள திசு. ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பைக் கரைக்க, இன்னொரு வகை புதிய எலும்பைக் கட்டிக்கொண்டே இருக்கும். இந்த வேலையை வழிநடத்துவதில் எலும்புக்குள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட் உயிரணுக்களுக்குப் பெரும் பங்குண்டு. நாம் குதிக்கும்போதும் எடை தூக்கும்போதும் எலும்பு மிக மிகச் சிறிதளவு வளைவதை அவை உணர்கின்றன. சுமை இல்லாதபோது ஸ்கிளெரோஸ்டின் என்ற புரதத்தை அவை கூடுதலாகச் சுரக்கும். அது புதிய எலும்பு உருவாவதைத் தடுக்கும். சுமை கூடினால் அந்தப் புரதம் குறையும்.

எடையற்ற நிலையில் மிதக்கும் விண்வெளி வீரர்களைப் பாருங்கள். உடல் எடையைத் தாங்கும் அவர்களது எலும்புகளின் அடர்த்தி, தடுப்பு நடவடிக்கைகள் இல்லாவிட்டால், மாதத்திற்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை குறையக்கூடும்.

மருந்து ஆய்வும் இதே பாதையில்தான் சென்றிருக்கிறது. ஸ்கிளெரோஸ்டின் புரதத்தைத் தடுக்கும் ரோமோசோசுமாப் ஊசி மருந்துக்கு 2019ல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. எலும்பு முறியும் அபாயம் அதிகமுள்ள, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அது மாதம் ஒருமுறை, ஓராண்டுக்குக் கொடுக்கப்படுகிறது.

பாரம் தூக்கிய பெண்கள்

எலும்பு பலவீனமானவர்கள் கனமான எடையைத் தூக்கலாமா? ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ‘லிஃப்ட்மோர்’ எனப்படும் அந்த ஆய்வு 2018ல் வெளியானது. 58 வயதைக் கடந்த, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள் அதில் பங்கேற்றனர். ஒரு குழுவினர் வாரம் இருமுறை, அரை மணி நேரம், நிபுணர் மேற்பார்வையில் பளு தூக்கினர். உயரத்திலிருந்து குதித்துத் தரையில் ஊன்றும் பயிற்சியும் செய்தனர். மற்றக் குழுவினர் வீட்டில் எளிய பயிற்சிகள் செய்தனர்.

எட்டு மாதங்களுக்குப் பின், பளு தூக்கியவர்களின் கீழ்முதுகெலும்பு அடர்த்தி சராசரியாக 2.9 விழுக்காடு கூடியிருந்தது. மற்றவர்களுக்கு 1.2 விழுக்காடு குறைந்திருந்தது. பளு தூக்கியவர்களில் எவருக்கும் எலும்பு முறியவில்லை. ஒருவருக்கு இலேசான முதுகுப் பிடிப்பு ஏற்பட்டது, அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு யாரும் பாட்டியை உடனே உடற்பயிற்சிக்கூடத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டாம். அந்தப் பெண்கள் முதலில் குறைந்த எடையில் முறையாகத் தூக்கக் கற்றுக்கொண்டு, படிப்படியாகவே பாரத்தைக் கூட்டினார்கள்.

மறுநாளே எழுந்து நின்ற பாட்டி

ஈராண்டுக்கு முன் என் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்கு மறுநாளே இயன்முறை மருத்துவர் அவரை எழுந்து நிற்கச் சொன்னார். “உடைஞ்ச காலை ஏம்மா தொந்தரவு பண்றீங்க?” என்று எங்களிடம் தமிழிலும், மருத்துவரிடம் “சாக்கிட், சாக்கிட்” என்று மலாயிலும் முறையிட்டபடியே பாட்டி எழுந்து நின்றார்.

அது ஏன் அவ்வளவு அவசரம் என்பது எனக்கு வகுப்பறையில்தான் புரிந்தது. படுத்தே இருந்தால் தசை வேகமாகக் கரையும். நுரையீரல் தொற்று, ரத்தக்கட்டு, படுக்கைப்புண் எல்லாம் வரிசையில் நிற்கும். இடுப்பெலும்பு முறிந்த மூத்தோர் பலர் பழைய நடையை முழுமையாகத் திரும்பப் பெறுவதே இல்லை.

பாட்டிக்கு வீட்டில் கொடுக்கப்பட்ட பயிற்சிகள் எளியவை: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவது. கால் வலுவையும் சமநிலையையும் வளர்க்கும் இத்தகைய பயிற்சிகளைக் கொண்ட நியூசிலாந்தின் ‘ஒட்டாகோ’ திட்டம், மூத்தோர் கீழே விழுவதை 35 விழுக்காடு குறைத்ததாக ஆய்வுகள் காட்டியுள்ளன. பாட்டி இப்போது கைத்தடியுடன் புளோக்கின் கீழ்த்தளத்திற்குத் தாமே இறங்கி வருகிறார். அவரைப் பொறுத்தவரை சிகிச்சையின் வெற்றி அதுதான்.

ஒரு கழித்தல் கணக்கு

முறிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாதவிடாய் நின்ற ஆசியப் பெண்களுக்காக 2001ல் உருவாக்கப்பட்ட எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. வயதிலிருந்து கிலோகிராமில் உடல் எடையைக் கழியுங்கள். விடை 20ஐத் தாண்டினால் எலும்புப்புரைக்கான அபாயம் அதிகம். 72 வயது, 45 கிலோ என்றால் விடை 27. இது நோய் இருக்கிறது என்பதற்கான முடிவு அல்ல. எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றிப் பலதுறை மருந்தகத்தில் கேட்கச் சொல்லும் எச்சரிக்கை மட்டுமே.

நம் வயதினருக்கும் இதில் வேலை உண்டு. வாழ்நாள் எலும்பு இருப்பின் பெரும்பகுதி இருபது வயதை ஒட்டியே சேர்ந்துவிடுகிறது. ஓட்டம், கூடைப்பந்து, கயிறு தாண்டுதல், பரதம் எல்லாம் எலும்புக்கு நல்ல சுமை. நீச்சல் இதயத்துக்கு நல்லது. எலும்புக்கு அது மட்டும் போதாது. தேர்வு நேரத்தில் நாள் முழுவதும் நாற்காலியில் கிடப்பவர்கள் இடையிடையே எழுந்து மாடிப்படி ஏறி இறங்கலாம்.

இந்த வார இறுதியில் பாட்டியிடம் வயதையும் எடையையும் கேட்டுக் கழித்துப் பாருங்கள். அவருடன் சந்தைக்கும் போய்வாருங்கள். மருத்துவர் தடை சொல்லாதவரை, கீரைக்கட்டு உள்ள பை அவர் கையிலேயே இருக்கட்டும். அரிசி மூட்டையை நீங்கள் தூக்குங்கள்.