கொதித்தாலும் போகாத உப்பு

குமாரபாளையத்தைத் தொட்டுக்கொண்டு காவிரி ஓடுகிறது. ஆனால் நாமக்கல் சமவெளியின் உட்கிராமங்கள் பலவற்றுக்குக் கிணறும் போர்வெல்லும் துணை. அந்தத் தண்ணீரில் நிறமின்றி, மணமின்றிக் கரைந்திருக்கக் கூடியது நைட்ரேட் என்ற உப்பு.

எங்கிருந்து வருகிறது? யூரியா, கோழி எரு, கழிவுநீர். இவற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணின் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டுக்கு எதிர்மின்னூட்டம், களிமண் துகளுக்கும் அதுவே. ஒட்டுமா? மழையோடு நழுவி, பாறை வெடிப்புகள் வழியே நிலத்தடி நீரில் சேர்ந்துவிடுகிறது. முட்டைக்குப் பேர்போன மாவட்டத்தில் எருவுக்கா பஞ்சம்!

இந்திய வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கைப்படி, நாடெங்கும் எடுத்த மாதிரிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று அதைத் தாண்டியது.

ஆபத்து அதிகம் கைக்குழந்தைக்கு. 1945-இல் அமெரிக்காவின் அயோவாவில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர், கிணற்று நீரில் பால் கலக்கிக் கொடுத்த குழந்தைகள் நீலம் பாய்வதை விவரித்தார். குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு. அங்கே பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்குகின்றன. அது ரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கெடுக்க, ஆக்ஸிஜனைச் சுமக்க ஆளில்லை.

பாட்டி வைத்தியம் இங்கே எடுபடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நீர் ஆவியாகும். மிஞ்சும் நீரில் நைட்ரேட்டின் அடர்த்தி ஏறும். துணியில் வடிகட்டினாலும் பயனில்லை. ஆர்.ஓ. இயந்திரம் பெருமளவு குறைக்கும். அது ஒதுக்கும் நீரில்தான் அந்த உப்பு போகிறது.