விட்டுக்கொடுக்கத் தெரிந்த இயந்திரக் கை

பக்கவாதத்தில் கை விழுந்துவிட்டது என்கிறோம். உண்மையில் பழுது கையில் இல்லை, மூளையில். ரத்தம் கிடைக்காமல் மூளை செல்கள் சில மடிந்துபோக, கைக்குப் போகவேண்டிய கட்டளை போவதில்லை. ஆனால் எஞ்சிய செல்கள் அந்த வேலையை ஓரளவு கற்றுக்கொள்ளும். இந்தத் திறனுக்கு ‘நரம்பு நெகிழ்திறன்’ என்று பெயர். அதற்கு ஒரே அசைவைச் சளைக்காமல் பலமுறை செய்ய வேண்டும். எந்த பிசியோதெரபிஸ்டுக்கு அவ்வளவு நேரம் இருக்கிறது?

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நெவில் ஹோகன், ஹெர்மானோ இகோ கிரெப்ஸ் குழுவினர் உருவாக்கிய ‘எம்ஐடி-மேனஸ்’ ரோபாட் இதற்குத்தான் பிறந்தது. நோயாளியின் முன்கையை அதோடு பட்டையால் கட்டிவிடுகிறார்கள். திரையில் நடுவே ஒரு வட்டம், சுற்றிலும் எட்டு. நடுவிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுத் திரும்ப வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் அசைவுகள்கூட ஆகிவிடும்.

கார் தொழிற்சாலை ரோபாட்டைத் தள்ளிப் பாருங்கள், அசையாது. பலத்தைப் பெருக்கித் தரும் அதன் பல்சக்கரங்களே நம் கைக்குப் பூட்டாகிவிடும். மேனஸின் மோட்டார்களுக்கும் கைக்கும் நடுவே பல்சக்கரமே கிடையாது. நோயாளி லேசாகத் தள்ளினாலும் வழிவிடும்.

மென்பொருளில் இருப்பது இன்னும் பெரிய சாமர்த்தியம். 1985இல் ஹோகன் வகுத்த ‘இயக்கத்தடைக் கட்டுப்பாடு’ அது: எங்கே போக வேண்டும் என்பதோடு, எதிர்ப்படும் விசைக்கு எவ்வளவு இணங்க வேண்டும் என்பதையும் இயந்திரத்துக்குச் சொல்லும் முறை. கை பாதையிலிருந்து கொஞ்சம் விலகினால் கொஞ்சமாகத் திருப்பும். அதிகம் விலகினால் அழுத்தம் கூடும். அரிசியில் ‘அ’ எழுதப் பழக்கும்போது குழந்தையின் விரலைப் பிடிப்போமே, அந்தப் பிடி.

எல்லாவற்றையும் இயந்திரமே செய்துவிட்டால் நோயாளி சும்மா இருந்துவிடுவார். நோயாளியைக் குறை சொல்ல முடியாது, உடம்பின் சுபாவமே அது. அதனால் மேனஸ் அவர் அசையத் தொடங்கச் சற்றுக் காத்திருக்கும். தேறத் தேற உதவியைக் குறைக்கும்.

பலன்? பக்கவாதம் வந்து மாதங்கள், வருடங்கள் கடந்த 127 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2010இல் வெளியானது. பிசியோதெரபிஸ்ட் அதே தீவிரத்தோடு தரும் பயிற்சிக்கு ரோபாட் பயிற்சி கிட்டத்தட்ட ஈடாக இருந்தது. 2019இல் வெளியான, 770 பேர் பங்கேற்ற பிரிட்டிஷ் ஆய்வோ வேறு விடை சொன்னது: அன்றாட வேலைகளில் கையைப் பயன்படுத்தும் திறன், வழக்கமான சிகிச்சையைவிட ரோபாட்டால் கூடிவிடவில்லை. மேசைமேல் நேர்கோட்டில் போகப் பழகிய கைக்குச் சட்டைப் பொத்தான் தனிப் பாடம். அதைச் சொல்லித்தர இன்னமும் பிசியோதெரபிஸ்டின் விரல்கள்தான் வேண்டும்.