மழை வருமா, வராதா? வானிலை அறிக்கையைப் புரிந்துகொள்வோம்



"மழை வரும்னு டி.வி.யில சொன்னாங்க. வடகம் போடாம விட்டோம். பார்த்தா வெயில் சுள்ளுன்னு அடிக்குது!" குழுக்கூட்டங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். அடுத்த வாரம் அறிக்கையை நம்பாமல் கூழ் காய்ச்சிப் பிழிந்தால், அன்றைக்குத்தான் கொட்டித் தீர்க்கும். ஒரு நாள் வடகம் நனைந்தால் அரிசி, விறகு, உழைப்பு எல்லாம் வீண். ஆனால் கடன் தவணை நமக்காக நிற்காதே! கருவாடு காயவைப்பவர்களுக்கும், களத்தில் நெல் கொட்டியிருப்பவர்களுக்கும் இதே கதைதான். வானிலை அறிக்கை என்ன சொல்கிறது, மேகம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால் இந்த நஷ்டத்தைப் பெருமளவு குறைக்கலாம்.

மேகம் எப்படி உண்டாகிறது?

இட்லிப் பானையைத் திறந்ததும் வெள்ளையாக எழும்புகிறது அல்லவா? அதை ஆவி என்கிறோம். உண்மையில் நீராவி கண்ணுக்குத் தெரியாது. சூடான ஆவி வெளிக்காற்று பட்டுக் குளிர்ந்து பொடிப்பொடி நீர்த்துளிகளாக மாறுவதைத்தான் நாம் பார்க்கிறோம். மேகமும் இதேதான்.

கடல், ஏரி, வயல், செடிகொடி எல்லாவற்றிலிருந்தும் நீர் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. வெயிலில் சூடான காற்று லேசாகி மேலே போகிறது. மேலே போகப் போகக் குளிர்கிறது. அப்போது அதிலுள்ள ஆவி, கண்ணுக்குத் தெரியாத தூசியிலும் கடல் உப்புத் துகளிலும் படிந்து துளியாகிறது. இப்படிப்பட்ட கோடானுகோடித் துளிகள்தான் மேகம். சுமார் 10 லட்சம் மேகத்துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி! அதனால்தான் எல்லா மேகமும் மழை தருவதில்லை.

ஊரப்பாக்கத்தில் மழை, நமக்கு இல்லையே?

கூடுவாஞ்சேரியிலிருந்து கடற்கரை சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து சூடான வறண்ட காற்று வீசும். பிற்பகலில் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வரும். இரண்டும் மோதும் இடத்தில் காற்று மேலே தள்ளப்பட்டு இடிமேகம் வளர்கிறது. அது 10 கிலோமீட்டருக்கு மேல் உயரமாக வளரலாம். ஆனால் அகலம் சில கிலோமீட்டர்தான். அதனால் ஊரப்பாக்கத்தில் கொட்டும்போது நம் தெருவில் தூறல்கூட விழாமல் போகலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழை வேறு மாதிரி. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உண்டானால் மேகக்கூட்டம் மாவட்டம் முழுவதும் பரவும். நமக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் இந்த வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது.

வார்த்தையைக் கவனிக்கணும்

சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் மாவட்டம் மாவட்டமாக அறிக்கை தருகிறது. அது நம் தெருவுக்கான அறிக்கை அல்ல. "ஓரிரு இடங்களில் மழை" என்றால், 100 இடத்தில் மழை அளந்தால் 25 இடம் வரைக்கும்தான் பெய்யும் என்று அர்த்தம். "பெரும்பாலான இடங்களில்" என்றால் 75க்கு மேல். ஆகவே "ஓரிரு இடங்களில்" என்று சொல்லி நம் ஊரில் பெய்யாவிட்டால் அறிக்கை பொய் ஆகாது.

அளவுக்கும் கணக்கு உண்டு. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. 21 அல்லது அதற்கு மேல் அதி கனமழை. ஒரு சென்ட் இடத்தில் 7 சென்டிமீட்டர் மழை என்றால் சுமார் 2,800 லிட்டர் தண்ணீர். 15 லிட்டர் குடத்தால் 180 குடத்துக்கு மேல்! 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது.

நிறங்களும் அப்படித்தான். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்குங்கள். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. முன்பே எச்சரிக்கை வந்ததால் தயாராக நேரம் கிடைத்தது.

நாம் செய்ய வேண்டியது

காலையில் மாவட்ட அறிக்கையைப் பார்ப்போம். "பெரும்பாலான இடங்களில்" என்றால் அன்றைக்கு வடகம் வேண்டாம். "ஓரிரு இடங்களில்" என்றால் போடலாம், ஆனால் வீட்டில் ஒருவர் இருக்கணும், தார்ப்பாய் கைக்கு எட்டணும். மதியத்துக்கு மேல், "அடுத்த 3 மணி நேரத்தில்" என்று வரும் அறிவிப்பையும் பார்க்கணும்.

வானத்தையும் பார்ப்போம். காலிஃபிளவர் மாதிரி மேகம் உயர்ந்துகொண்டே போய், அடிப்பாகம் கறுத்தால் மழைக்கு வாய்ப்பு அதிகம். திடீரென்று சில்லென்று காற்று வீசினால் உடனே அள்ளிவிடுங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் ஆபத்து பக்கத்தில் இருக்கிறது. களை எடுப்பதையும் ஆடு மேய்ப்பதையும் விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. வடகம் போனால் மறுபடி பிழியலாம், உயிர் போனால் வருமா?

அடுத்த குழுக்கூட்டத்தில் மூன்று விஷயம் பேசி முடிவெடுங்கள். தினமும் அறிக்கை பார்த்து எல்லோருக்கும் சொல்ல ஓர் உறுப்பினர் பொறுப்பேற்கட்டும். குழுப் பணத்தில் பொதுவாக ஒரு பெரிய தார்ப்பாய் வாங்கலாமா என்று யோசியுங்கள். ஏரிக்கரையிலும் தாழ்வான இடத்திலும் இருப்பவர்கள் குழுப் பதிவேடு, பாஸ்புக், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். அவசர உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. இதைத் தீர்மான நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மழையை நம்மால் நிறுத்த முடியாது. முன்கூட்டியே தெரிந்துகொண்டு நம் உழைப்பைக் காப்பாற்றிக்கொள்ள முடியும்.