ஒரு சிறுமிக்காக 18 ஆண்டுகள் பின்னோக்கி

1988, பிப்ரவரி. ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ. பனி மூடிய பூங்காவில் கயோ என்ற ஐந்தாம் வகுப்புச் சிறுமி தன்னந்தனியாக நிற்கிறாள். வீட்டுக்குப் போனால் அம்மாவின் அடி காத்திருக்கிறது. இன்னும் சில நாள்களில் அவள் கடத்திக் கொல்லப்படுவாள் என்பது வகுப்புத் தோழன் சதோருவுக்கு மட்டும் தெரியும். ஏனென்றால், அந்தச் சின்ன உடம்புக்குள் இருப்பது 2006-இலிருந்து திரும்பி வந்த 29 வயது சதோருவின் மனசு.

கேய் சான்பேயின் 'எரேஸ்ட்' மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) தொடரின் கதை இது. 2012 முதல் 2016 வரை 'யங் ஏஸ்' இதழில் வெளிவந்தது. சதோரு இன்னும் பெயர் எடுக்காத மாங்கா ஓவியன். பிழைப்புக்கு பீட்சா கடையில் வேலை. ஆபத்து நெருங்கும்போதெல்லாம் காலம் அவனைச் சில நிமிடங்கள் பின்னே தள்ளும். அம்மா சச்சிகோ குத்திக் கொல்லப்பட்டு, பழி அவன் தலையில் விழும்போது, ஒரேயடியாக 18 ஆண்டுகள் பின்னே போய் விழுகிறான்.

2016 ஜனவரியில் இது அனிமே (அசைவூட்டத் தொடர்) ஆனது. மார்ச்சில் டட்சுயா ஃபுஜிவாரா நடித்த திரைப்படம் வந்தது. மாங்கா முடிந்ததும் அதே மார்ச்சில்தான். அதனால் அவை இரண்டும் முடிவைத் தங்கள் வழியில் அமைத்துக்கொண்டன. 2017 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 12 பகுதித் தொடருக்கு அந்த நெருக்கடி இல்லை. இயக்குநர் டென் ஷிமோயாமா மாங்காவின் முடிவுவரை நிதானமாகப் போகிறார். சான்பேயின் சொந்த ஊரான தொமகொமாயிலேயே படப்பிடிப்பும் நடந்தது. திரையில் தெரியும் குளிர் அந்த மண்ணின் குளிர்.

தோளில் தாங்கும் சிறுவர்கள்

வளர்ந்த சதோருவாக யூகி ஃபுருகாவா நடிக்கிறார். 'இட்டசுரா நா கிஸ்' காதல் தொடரில் புகழ்பெற்றவர், இங்கே வாழ்க்கையில் எதிலும் ஒட்டாத இளைஞனாக அடங்கி நடிக்கிறார். ஆனால் கதையின் பெரும்பாரம் சிறுவயது சதோருவாக வரும் ரெயோ உச்சிகாவாவின் தோளில். பெரியவனின் பதைப்பையும் சிறுவனின் இயலாமையையும் ஒரே முகத்தில் காட்டியாக வேண்டிய வேடம் அது. கயோவாக வரும் ரிங்கா ககிஹாரா, பேசாமலே நம்மைக் கலங்கடிக்கிறார். எதையும் நொடியில் கண்டுகொள்ளும் சச்சிகோவாக டொமோகா குரோதானி. கயோவின் அம்மாவாக நொரிகோ எகுச்சி. கணவனிடம் அடிபட்டவள் அந்த அம்மா என்பதையும் கதை மறைப்பதில்லை.

என் மனதில் நிற்பது ஒரு காலை உணவு. சதோருவின் வீட்டில் கயோவுக்கும் ஒரு தட்டு வைக்கிறார் சச்சிகோ. ஆவி பறக்கும் சோறு, மிசோ சூப், முட்டை. எல்லா வீட்டிலும் இருப்பதுதான். அதைப் பார்த்ததும் கயோ உடைந்து அழுகிறாள். தனக்காக யாரோ சமைத்திருக்கிறார்கள் என்பதே அவளுக்குப் புதிது. அடிக்கும் காட்சிகள் சொல்லாத கொடுமையை இந்த ஒரு தட்டுச் சோறு சொல்லிவிடுகிறது.

கொலையாளி யார் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. தனியாக இருக்கும் பிள்ளைகளாகப் பார்த்துத்தான் அவன் குறிவைக்கிறான் என்பதை மட்டும் கவனியுங்கள். அதனால்தான் சதோருவின் ஆயுதம் துப்பறிதல் அல்ல, தோழமை. கயோவைப் பிறந்தநாளுக்கு அழைக்கிறான், நண்பர்களோடு சேர்க்கிறான், கூடவே நடக்கிறான்.

கதை நடக்கும் 1988-இல் குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்க ஜப்பானில் தனிச் சட்டம் கிடையாது. 2000-இல்தான் அது வந்தது. சந்தேகம் எழுந்தாலே யாரும் அழைத்துச் சொல்ல 189 என்ற மூன்று இலக்க எண் 2015-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் எந்தச் சட்டமும், எந்த எண்ணும், பக்கத்தில் இருப்பவர் கவனித்தால்தான் உயிர்பெறும். மர்மக் கதைகள் நிறைய உண்டு. ஒரு குழந்தையைக் கவனிப்பதையே சாகசமாக்கிய கதைகள் குறைவு. பிள்ளைகளை வளர்ப்பவர்களும், அவர்களுக்குப் பாடம் நடத்துபவர்களும் கட்டாயம் பார்க்க வேண்டிய தொடர் இது.