இட்லிக் கடைக்கு வந்த சதுர அட்டை



மும்பையில் தாராவி என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள் அதிகம். அங்கே பல வீடுகளில் விடியும் முன்பே அடுப்பு எரியும். இட்லி வேகும்.

விடிந்ததும் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டுவார்கள். சட்னி வாளியை மாட்டுவார்கள். தெருத் தெருவாகப் போய் ரப்பர் ஹாரனை அமுக்குவார்கள். "பாம்! பாம்!" சத்தம் கேட்டதும் ஜனங்கள் தட்டோடு இறங்கி வருவார்கள். அந்த ஹாரன்தான் அவர்களுடைய விளம்பரம்.

எங்கள் மாலை வகுப்புக்கு அப்படி ஓர் இட்லிக்கார அக்கா வருகிறார். அக்கா வீட்டில் மாவு அரைத்து இட்லி அவிப்பார். அவர் வீட்டுக்காரர் சைக்கிளில் கொண்டு போய் விற்பார். ஒரு நாள் அக்கா கவலையோடு வந்தார்.

"டீச்சர், இப்ப யாரும் கையில காசு வச்சிருக்க மாட்டேங்காவ. போனைத்தான் நீட்டுதாவ. சில்லறை இல்லன்னு எத்தனை பேரு திரும்பிப் போறாவ!"

"உங்களிடம் சதுர அட்டை இருக்கிறதே அக்கா?"

"இருக்கு. நாத்தனார் மகன் வாங்கிக் குடுத்தான். சைக்கிள்ல ஒட்டியிருக்கோம். ஆனா அதுல விழுற காசு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியலையே!"

அக்கா கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், அந்த அட்டை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

அட்டையில் என்ன இருக்கிறது?

அதைக் க்யூஆர் அட்டை என்கிறார்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் இருக்கும். அது வெறும் படம் அல்ல. அதுவும் ஓர் எழுத்துதான். நம் கண்ணுக்குப் புரியாது. போனின் கேமரா அதைப் படித்துவிடும்.

அதில் எழுதியிருப்பது ஒரு முகவரி. தபால் உறையின் மேல் முகவரி எழுதுகிறோம் அல்லவா? தபால்காரர் அந்த வீட்டில்தான் கொடுப்பார். அதுபோல, அட்டையில் யாருடைய வங்கிக் கணக்கு இருக்கிறதோ, அந்தக் கணக்குக்குத்தான் பணம் போகும். அட்டை யார் சைக்கிளில் ஒட்டியிருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியாது.

பணம் இப்படிப் போய்ச் சேரும் முறைக்கு யுபிஐ என்று பெயர். இந்தியாவில் இது 2016-ஆம் ஆண்டு தொடங்கியது. இன்று பூக்காரரும் காய்கறிக்காரரும் கூட இதில் பணம் வாங்குகிறார்கள். வாங்குபவரின் வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது. 2020 ஜனவரி முதல் இந்த விதி இருக்கிறது.

ஒரு ரூபாய் சோதனை

"வாங்க அக்கா, பார்த்துவிடலாம்" என்றேன். என் போனில் அந்த அட்டையைக் காட்டி, ஒரு ரூபாய் போட்டேன். பணம் போகும் முன்பே போனில் ஒரு பெயர் வந்தது. அது அக்காவின் பெயர் அல்ல. அவர் வீட்டுக்காரர் பெயரும் அல்ல. நாத்தனார் மகனின் பெயர்!

அந்தப் பையன் கெட்டவன் அல்ல. வாரா வாரம் பணம் எடுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் எவ்வளவு வந்தது, எவ்வளவு கொடுத்தான் என்பதற்குக் கணக்கு இல்லை. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருந்தது. புதுக் கிரைண்டர் வாங்க அக்கா ஒரு வங்கியில் கடன் கேட்டிருந்தார். "உங்கள் கணக்கில் வரவே இல்லையே?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்காவின் உழைப்பெல்லாம் வேறு ஒருவர் கணக்கில் வரவாகிக்கொண்டிருந்தது.

மறு வாரமே அக்கா தன் பெயரில் அட்டை வாங்கினார். அதற்கு மூன்று விஷயம் முக்கியம்.

1. வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.
2. கணக்கில் பதிந்த போன் எண் உங்களிடமே இருக்க வேண்டும். பேரனின் எண்ணோ, பக்கத்து வீட்டு எண்ணோ கூடாது.
3. பின் எனப்படும் ரகசிய எண் உங்களுக்கு மட்டுமே தெரிய வேண்டும்.

அக்காவின் போனில் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. அமைப்புகள் பகுதிக்குப் போய் மொழியைத் தமிழ் என்று மாற்றினோம். "அட, நம்ம எழுத்து!" என்று அக்கா சிரித்தார். பணம் வந்தால் வாய்விட்டுச் சொல்லும் சத்தப் பெட்டியும் கிடைக்கிறது. அது தமிழிலும் பேசும். ஆனால் அதற்கு மாத வாடகை உண்டு. எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏமாறாமல் இருக்க

புதிய வசதி வந்தால் புதிய திருடனும் வருவான். அவன் மூன்று வழிகளில் வருவான்.

முதல் வழி: "உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன். உங்கள் பின் எண்ணைப் போடுங்கள்" என்பான். போடாதீர்கள். பணம் அனுப்பத்தான் பின் எண் வேண்டும். பணம் வாங்க அது வேண்டவே வேண்டாம். வீட்டுக்குள் யாராவது அரிசி கொண்டுவந்து போட நாம் பீரோச் சாவியைக் கொடுப்போமா?

இரண்டாம் வழி: "பணம் போட்டுவிட்டேன், பாருங்கள்" என்று தன் போனைக் காட்டுவான். அது பொய்ப் படமாக இருக்கலாம். அவன் போனைப் பார்க்காதீர்கள். உங்கள் போனைப் பாருங்கள். உங்கள் கணக்கில் வந்தால்தான் வந்தது.

மூன்றாம் வழி: உங்கள் அட்டையின் மேல் தன் அட்டையை ஒட்டிவிடுவான். மத்தியப் பிரதேசத்தில் கஜுராஹோவில் 2025 ஜனவரியில் இப்படி நடந்தது. இரவோடு இரவாகப் பல கடைகளின் அட்டைகளை மாற்றிவிட்டார்கள். பணம் போட்ட வாடிக்கையாளரின் போனில் வேறு பெயர் வந்தது. அதனால்தான் தெரிந்தது. ஆகவே தினமும் கடை திறந்ததும் அட்டையைத் தடவிப் பாருங்கள். முதல் வாடிக்கையாளரிடம், "என் பெயர் வருகிறதா?" என்று கேளுங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது நாடு முழுவதற்கும் ஒரே எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம். வங்கியிலும் சொல்லுங்கள்.

நோட்டுப் புத்தகம் சொன்ன சேதி

போன் வந்துவிட்டது என்று நோட்டை விட்டுவிடக் கூடாது. அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். தினமும் இப்படி எழுதினார்:

அரிசி, உளுந்து – 620 ரூபாய்
தேங்காய், மிளகாய், எண்ணெய் – 280 ரூபாய்
எரிவாயு – 200 ரூபாய்
பொட்டலக் காகிதம் – 50 ரூபாய்
மொத்தச் செலவு – 1,150 ரூபாய்
கையில் வந்தது – 900 ரூபாய்
போனில் வந்தது – 1,100 ரூபாய்
மொத்த வரவு – 2,000 ரூபாய்
மீதி – 850 ரூபாய்

இந்த 850 ரூபாய் முழு லாபம் அல்ல. இரண்டு பேருடைய கூலியும் இதற்குள்தான் இருக்கிறது. இதை எழுதிப் பார்த்த பிறகுதான் அக்காவுக்கே அது தெரிந்தது.

நோட்டு இன்னொன்றும் சொன்னது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இட்லி மிஞ்சியது. ஏன்? யோசித்தார்கள். ஞாயிறு அன்று ஜனங்கள் நேரம் கழித்து எழுகிறார்கள். ஏழு மணிக்கு ஹாரன் அடித்தால் யார் வருவார்? அன்று மட்டும் எட்டரை மணிக்குப் புறப்பட்டார்கள். பாத்திரம் காலியானது. ஒரு காசு செலவில்லாமல் வியாபாரம் கூடியது.

ஹாரனோடு வாட்ஸ்அப்

வாடிக்கையாளர்களின் எண்களை, அவர்களிடம் கேட்டுக்கொண்டு, போனில் பதிந்து வையுங்கள். முதல் நாள் இரவே, "நாளைக்கு எத்தனை இட்லி வேண்டும்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கலாம். எழுத நேரமாகும் என்றால் பேசியே அனுப்பலாம். அக்காவின் வாடிக்கையாளர்களில் மராத்தி பேசுபவர்களும் இந்தி பேசுபவர்களும் உண்டு. அக்காவின் வீட்டுக்காரர் இந்தியில் பேசி அனுப்புகிறார். எத்தனை வேண்டும் என்று முன்பே தெரிந்தால் மாவு வீணாகாது.

படம் போடுவதானால் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ஆவி பறக்கும் இட்லி, பக்கத்தில் சட்னி, கீழே விலை. இது போதும். தினமும் பத்துப் படம் அனுப்பித் தொந்தரவு செய்யாதீர்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள். சொன்ன விலைக்குக் கொடுங்கள். இதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை.

கடன் வேண்டுமா?

நகரத் தெருக்களில் வியாபாரம் செய்பவர்களுக்கு பி.எம். ஸ்வநிதி என்ற கடன் திட்டம் உண்டு. 2020-இல் தொடங்கியது. 2025-இல் தொகையைக் கூட்டினார்கள். முதல் கடன் 15,000 ரூபாய் வரை. அதைச் சரியாகக் கட்டினால் அடுத்தது 25,000 வரை. பிறகு 50,000 வரை. அடமானம் வேண்டாம். தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் கிடைக்கும். தெரு வியாபாரிச் சான்று அல்லது பரிந்துரைக் கடிதம் வேண்டும். நகராட்சி, மாநகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

அக்காவின் கணக்கில் இப்போது தினமும் வரவு விழுகிறது. போன வாரம் வகுப்பில் போனை எடுத்து, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்: "முப்பது ரூபாய் பெறப்பட்டது." பிறகு மேலே இருந்த பெயரைப் படித்தார். அது அவர் பெயர்தான்.

கிரைண்டருக்கு மறுபடியும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார். இந்த முறை மனுவை அவரே எழுதுகிறார்.

யோசியுங்கள், பேசுங்கள்

1. உங்கள் கடை அட்டையில் யார் பெயர் வருகிறது? ஒரு ரூபாய் போட்டுப் பாருங்கள்.
2. பணம் வாங்குவதற்குப் பின் எண் வேண்டுமா?
3. உங்கள் ஊரில் எந்த நாளில் வியாபாரம் குறைகிறது? ஏன்?
4. ஒரு வாரத்து வரவு செலவை நோட்டில் எழுதுங்கள். வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.