‘செட்டில்’ ஆன கடன், தீர்ந்த கடன் அல்ல

கிரெடிட் கார்டு பாக்கி 60,000 ரூபாய், பல மாதமாகக் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். வசூல் ஏஜென்ட் போன் செய்கிறார்: “முப்பதாயிரம் கட்டிடுங்க சார், செட்டில் பண்ணிடலாம்.” கட்டியவர் கடன் ஒழிந்தது என்று நிம்மதியாகிறார்.

அடுத்து வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போதுதான் சிபில் அறிக்கையில் அந்தக் கணக்குக்கு நேரே ‘செட்டில்டு’ என்று இருப்பது தெரிகிறது. முழுதாகக் கட்டியிருந்தால் அங்கே ‘குளோஸ்டு’ என்றிருக்கும். இவரிடம் மொத்தமும் வசூலாகவில்லை என்றே அடுத்த வங்கி அதைப் படிக்கும். இதைப் பணம் வாங்கும் முன்பே ஏஜென்ட் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

வழி அடைபடவில்லை. விட்டுப்போன தொகையையும் கட்டி, நோ டியூ சர்டிபிகேட் வாங்கி, ‘குளோஸ்டு’ என்று மாற்றும்படி வங்கியிடம் எழுத்தில் கேட்கலாம். பழைய தாமதங்கள் மட்டும் உடனே மறையாது. அறிக்கை 36 மாதங்களை மாதவாரியாகக் காட்டும்.

அதனால் முதல் வேலை அறிக்கையை எடுத்துப் பார்ப்பது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். தன் அறிக்கையைத் தானே பார்ப்பதால் கிரெடிட் ஸ்கோர் குறையாது. ஒரே வாரத்தில் ஐந்து வங்கிகளில் கடன் கேட்டால் குறையலாம். உறவினருக்கு ஜாமீன் போட்ட கடன் தவணை தவறியிருந்தால் அதுவும் இங்கே தலைகாட்டும்.

300 முதல் 900 வரை ஓடும் இந்த ஸ்கோரை மறுபடி ஏற்ற, பிக்சட் டெபாசிட்டை ஈடாக வைத்து வாங்கும் கிரெடிட் கார்டு நல்ல தொடக்கம். டெபாசிட் கையில் இருப்பதால் வங்கி தயங்காது. லிமிட் 20,000 ரூபாய் என்றால் ஆறாயிரத்துக்குள் செலவழித்து, கெடு தேதிக்குள் முழுப் பில்லையும் கட்ட வேண்டும். மினிமம் டியூ மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறையாவது விவரம் அனுப்புவதால், ஒழுங்காகக் கட்டுவதும் முன்பைவிடச் சீக்கிரம் பதிவாகிறது.

“ஸ்கோரை ஏற்றித் தருகிறோம்” என்று கட்டணம் கேட்பவர்களால் உண்மையான பதிவை அழிக்க முடியாது. பதிவே தவறு என்றால் திருத்தம் கேட்கச் செலவில்லை. 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்குமேல் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அங்கும் கட்டணம் கிடையாது.